உழைப்பில் அவர்களுக்கும் பங்குண்டு - ஒரு வரலாற்று நோக்கு

விழா மலர் என்றால் ஆலயம் எழுந்த வரலாறு, மணி வாங்கிய வரலாறு, பங்கில் பணியாற்றிய குருக்களின் பெயர் வரிசை ஆகியவை இடம்பெறுவது மரபு. அவற்றை எழுதத் தகுந்த பெரியோர் எழுதியிருக்கிறார்கள். என்னிடம் மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டது வேறொரு வரலாறு.

பங்குப் பதிவேடுகளைப் புரட்டிப் பழகியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். சிலருடைய பெயர் திருமுழுக்குப் பதிவேட்டில் இருக்கும். திருமணப் பதிவேட்டில் இராது. பிறகு அடக்கப் பதிவேட்டில்தான் மீண்டும் வரும். துறவறம் பூண்டவர்களை நான் சொல்லவில்லை. பிறவியிலேயே, அல்லது பிறந்த சில நாட்களிலேயே, அறிவு வளர்ச்சி தடைப்பட்டு வீட்டோடு இருந்துவிட்டவர்களைச் சொல்கிறேன். இடைப்பட்ட 40, 50 ஆண்டுகளில் அவர்கள் என்ன செய்தார்கள், யார் சோறு போட்டார்கள், என்ன வேலை தெரிந்திருந்தது என்பதற்கு எந்த ஏட்டிலும் ஒரு வரி கிடையாது.

இவர்களில் 18 வயது கடந்தவர்களுக்கு ஒரு தொழிற்பயிற்சியை நம் பங்கில் தொடங்கினால் என்ன என்ற பேச்சு விழாக் கூட்டத்தில் எழுந்தது. எல்லோரும் நல்லது என்றார்கள். அடுத்த கணமே ஒருவர், "கட்டடத்துக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். கேட்டவர் நல்ல மனிதர், தாராளமாகக் கொடுக்கிறவர். ஆயினும் அந்தக் கேள்வியிலேயே ஒரு பிழை இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. உலகம் அதே கேள்வியில் தொடங்கி, ஒரு நூறு ஆண்டுக்கு மேல் சுற்றி வந்து, அது தவறான கேள்வி என்று கண்டுகொண்டிருக்கிறது. அந்தச் சுற்றைத்தான் இங்கே சுருக்கமாகச் சொல்லப் போகிறேன்.

சிரட்டையும் புளியங்கொட்டையும்

முதலில் உள்ளூர்ச் செய்தி ஒன்று. நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். பெயரைச் சொல்லாமல் பட்டப்பெயரைச் சொல்லியே ஊர் அவரை அழைத்தது. அந்தப் பெயரை நான் இங்கே எழுத விரும்பவில்லை. வயது முப்பதுக்கு மேல் இருக்கும். பேச்சு திக்கும். பத்து வரை எண்ண வராது. அருகிலிருந்த கிளப்புக்கடையில் தண்ணீர் சுமப்பது அவர் வேலை. நாளொன்றுக்கு இத்தனை குடம் என்று கணக்கு உண்டு. அவருக்கோ எண்ணத் தெரியாது. கடைக்காரர் என்ன செய்தார் தெரியுமா? காலையில் ஒரு சிரட்டையில் புளியங்கொட்டைகளை எண்ணிப் போட்டு வைத்துவிடுவார். ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றியதும் ஒரு கொட்டையை எடுத்து வெளியே போட வேண்டும். சிரட்டை காலியானால் அன்றைய வேலை முடிந்தது. ஒரு நாளும் ஒரு குடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கூலி என்று காசு கொடுத்ததாக நினைவில்லை. இட்லியும் காப்பியும் கிடைத்தன. அதையே ஊர் பெரிய தருமமாகப் பேசிக்கொண்டது. தாயார் காலமான பிறகு, உறவினர் யாரோ வெளியூருக்கு அழைத்துப் போனார்கள். கடைக்கு மறுநாளே வேறு ஆள் வந்துவிட்டார். அவர் எங்கே போனார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தச் சிரட்டையை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் அது தேவைப்படும்.

கேல் என்னும் ஊர்

பெல்ஜியம் நாட்டில் கேல் என்றோர் ஊர். அயர்லாந்திலிருந்து தப்பி வந்து அங்கே கொலையுண்டதாக மரபு கூறும் கன்னிகை புனித டிம்ப்னாவின் திருத்தலம் அங்கே இருக்கிறது. மனநோயாளருக்கும் அறிவு வளர்ச்சி குன்றியோருக்கும் அவர் பாதுகாவலியாகக் கருதப்பட்டதால், மத்திய காலத்திலிருந்தே இத்தகையோரை உறவினர்கள் அங்கே அழைத்து வந்தனர். ஆலயத்தை ஒட்டிய விடுதியில் இடம் போதவில்லை. ஊர் மக்கள் தங்கள் வீடுகளைத் திறந்தார்கள். வந்தவர்கள் சில நாள் தங்கிப் போவதற்குப் பதிலாக, பல்லாண்டுகள் அந்தக் குடும்பங்களோடே இருந்துவிட்டார்கள். மாட்டுக்குத் தீனி போட்டார்கள், வயலில் வேலை செய்தார்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்கள். 1938-ஆம் ஆண்டில் அவ்வாறு குடும்பங்களில் இருந்தோர் 3,736 பேர். அந்தப் பழக்கம், எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தாலும், இன்றும் அங்கே நடைபெறுகிறது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. அங்கே பயிற்சிக்கூடம் முதலில் வரவில்லை. ஒரு வீடும், அந்த வீட்டில் செய்தாக வேண்டிய வேலையும் முதலில் இருந்தன. பயிற்சி அதற்குள்ளேயே நடந்தது.

கற்பிக்க முடியும் என்று கண்டவர்கள்

பிற இடங்களில் நிலைமை வேறு. இவர்களுக்கு எதையும் கற்பிக்க இயலாது என்பதே 18-ஆம் நூற்றாண்டு வரை அறிஞர்களின் முடிவு. பிரான்சு நாட்டு மருத்துவர் இட்டார், 1800-ஆம் ஆண்டில் காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறுவனுக்குப் பேச்சும் பழக்கமும் கற்பிக்க முயன்றார். பேச்சு வரவில்லை, ஆனால் பல பழக்கங்கள் வந்தன. அவர் வழியில் வந்த செகேன், புலன்களையும் தசைகளையும் படிப்படியாகப் பழக்கும் ஒரு முறையை வகுத்தார். ரோமையில் மருத்துவராக இருந்த மரியா மாண்டிசோரி அம்மையார், செகேனின் நூல்களைப் படித்து, முதலில் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளிடத்திலேயே அம்முறையைச் சோதித்தார். பிறகுதான் அது மற்றப் பிள்ளைகளுக்கான கல்வியாயிற்று. அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பது பலருக்குத் தெரியும். நம் ஊர் மாண்டிசோரிப் பள்ளிகளில் சிறு பிள்ளைகள் அடுக்கி விளையாடும் உருளைக் கட்டைகளும் பலகைகளும், மூலத்தில் யாருக்காகச் சிந்திக்கப்பட்டவை என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

நம் நாட்டுச் சட்டமோ வேறு திசையில் போயிற்று. 1912-ஆம் ஆண்டின் இந்திய மனநோயாளர் சட்டம், பிறவியிலேயே அறிவு குன்றியவரையும் பித்துப் பிடித்தவரையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தது. அச்சட்டத்துக்கு மாற்றாக 1987-இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டந்தான் இவ்விரண்டும் வேறு என்று பிரித்தது. அதுவும் நடைமுறைக்கு வந்தது 1993-இல். நோய் என்றால் மருந்து உண்டு. இது நோயன்று, மெதுவாகக் கற்கும் இயல்பு. மருந்துக்குப் பதில் ஆசிரியர் வேண்டும். இந்த எளிய வேற்றுமையைச் சட்டம் ஏற்க 80 ஆண்டுகள் ஆயின. அதுவரை காசும் கையுமாக ஆஸ்பத்திரிக்கும், மந்திரிப்பவரிடமும், தர்காவுக்கும், திருத்தலங்களுக்கும் அலைந்து ஓய்ந்த பெற்றோர் நம்மிடையே எத்தனை பேர்!

நம் நெல்லைச் சீமை இவ்வகையில் பின்தங்கியதன்று. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கு ஆஸ்க்வித் அம்மையாரும், காது கேளாதோருக்கு சுவைன்சன் அம்மையாரும், 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே பள்ளிகளைத் தொடங்கிவிட்டார்கள். இருவரும் நம் சபையினர் அல்லர். சீர்திருத்தச் சபையைச் சார்ந்தவர்கள். அந்தப் பெருமை அவர்களுக்கே உரியது. ஆனால் அறிவு வளர்ச்சி குன்றியோர் பக்கம் யாருடைய பார்வையும் திரும்பவில்லை. பம்பாயில் ஜெய் வக்கீல் அம்மையாரும் அவர் கணவரும் தங்கள் மகளுக்காக 1944-இல் ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் 1950-களில் பால விகார் தோன்றியது. 1984-இல் மத்திய அரசு செகந்தராபாத்தில் ஒரு தேசிய நிறுவனத்தையே அமைத்தது. இவை யாவும் பெரும்பாலும் பிள்ளைகளைக் கருத்தில் கொண்டே பிறந்தவை. பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

1981

ஒரே ஆண்டில் மூன்று செய்திகள் ஒன்று கூடின. அவற்றில் ஒன்று நம் ஊருக்கு மிக அருகில் நிகழ்ந்தது.

ஐக்கிய நாடுகள் சபை அந்த ஆண்டை ஊனமுற்றோருக்கான அனைத்துலக ஆண்டு என அறிவித்தது. முழுப் பங்கேற்பும் சமத்துவமும் என்பது அவ்வாண்டின் குறிக்கோள்.

அதே ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றி ஒரு சுற்றுமடல் வெளியிட்டார். பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற மடலின் 90-ஆம் ஆண்டு நிறைவாக மே 15-இல் அது வெளிவந்திருக்க வேண்டும். இரு நாட்களுக்கு முன்னர், மே 13-இல், புனித பேதுரு சதுக்கத்தில் அவர் சுடப்பட்டார். மருத்துவமனையிலிருந்து மீண்ட பிறகுதான் மடலை இறுதி செய்ய முடிந்தது. அம்மடலின் 22-ஆம் பகுதி ஊனமுற்றோரும் வேலையும் பற்றியது. முழுத் திறன் படைத்தோரை மட்டும் சமூக வாழ்விலும், ஆகவே வேலையிலும் சேர்த்துக்கொள்வது மனிதத் தன்மைக்கே தகாது என்பதும், அது வலியோர் எளியோருக்குச் செய்யும் ஓரவஞ்சனை என்பதும் அதன் சாரம். அவரவர் திறனுக்கேற்ற வேலை, நியாயமான ஊதியம், பதவி உயர்வுக்கு வாய்ப்பு என்றெல்லாம் அதில் வருகிறது. இரக்கம் காட்டுங்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. உழைப்பில் அவர்களுக்குள்ள உரிமையைப் பேசுகிறது.

மூன்றாவது, நம் ஆய்க்குடி. தென்காசியை அடுத்த அவ்வூரைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன், பொறியியல் படித்துக்கொண்டிருந்த இளைஞர். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் சென்றிருந்தபோது, உடல் திறன் சோதனையில் உயரத்திலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலற்றுப் போயிற்று. சொந்த ஊருக்குத் திரும்பி வந்தவர் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை அளித்த இராணுவ மருத்துவர் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹல் அவர்களின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். தொடக்கம் ஒரு சில பிள்ளைகளோடு ஒரு சிறு பள்ளி, அவ்வளவே. பின்னாளில் தசைச் சிதைவு நோயுடைய பட்டயக் கணக்காளர் எஸ். சங்கர ராமன் வந்து சேர்ந்து நிருவாகத்தைத் தோளில் தாங்கினார். 2020-இல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

அந்தக் காலத்தில் ஊனம் என்றால் நம் பகுதியில் பெரும்பாலும் இளம்பிள்ளைவாதந்தான். சங்கத்தின் தொடக்கப் பணியும் அதைச் சுற்றியே இருந்தது. காலிபர் செய்யும் பட்டறையும் வந்தது. இன்று இளம்பிள்ளைவாதம் இல்லை. 2014 மார்ச்சில் இந்தியா அந்நோயினின்று விடுபட்ட நாடாகச் சான்று பெற்றது. ஆனால் அறிவு வளர்ச்சிக் குறைபாட்டுக்குத் தடுப்பூசி ஏது? ஆட்டிசம், டவுன் நோய்க்குறி, மூளை முடக்குவாதம் என்று பெயர்கள் பலவாகத் தெரியவந்திருக்கின்றன. 2011 மக்கள் தொகைக் கணக்கில் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையோர் என நாடு முழுவதும் பதிவானவர்கள் மட்டும் சுமார் 15 லட்சம் பேர். ஆய்க்குடியிலும் காலப்போக்கில் இத்தகைய பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளி உருவாயிற்று. நம் பங்கு மக்களில் எத்தனை பேர் அங்கே ஒரு முறையேனும் சென்று பார்த்திருக்கிறோம் என்று கேட்டால், குற்றாலத்துக்குப் போன கணக்கில் நூற்றில் ஒரு பங்கும் தேறாது.

வீடா, பட்டறையா?

நம் திருச்சபைக்குள் இவ்வகையில் பெரிதும் பேசப்பட்ட முயற்சி லார்ஷ், அதாவது பேழை, எனும் இல்லங்கள். 1964-இல் பிரான்சு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஜான் வானியே என்பவர், விடுதி ஒன்றில் அடைபட்டிருந்த இருவரை அழைத்து வந்து ஒரே வீட்டில் உடன் வாழத் தொடங்கினார். 1970-இல் பெங்களூரிலும், பிறகு கல்கத்தா, சென்னை முதலிய இடங்களிலும் ஆஷா நிகேதன் என்ற பெயரில் அத்தகைய இல்லங்கள் எழுந்தன. பல சமயத்தாரும் ஒரே கூரையின்கீழ் வாழ்வதும், சேர்ந்து வேலை செய்வதும் அவ்வில்லங்களின் சிறப்பு. இங்கே ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. வானியே 2019-இல் காலமான பிறகு, லார்ஷ் அமைப்பே விசாரணை நடத்தி, ஆன்ம வழிகாட்டுதலுக்காகத் தம்மை நாடி வந்த பெண்களிடம் அவர் நெடுங்காலம் தகாத முறையில் நடந்துகொண்டதை 2020-இல் வெளியிட்டது. அவருடைய படத்தை நம் மண்டபங்களில் மாட்ட இனி இடமில்லை. யாரோ ஒரு பெரியவரின் நல்ல பெயரை நம்பி மட்டும் இத்தகைய பணியை நடத்தலாகாது. கதவு திறந்திருக்க வேண்டும், கணக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதற்கு அது பாடம்.

இனிப் பட்டறைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில், நீண்ட காலம் விடுதிகளில் முடங்கிக் கிடந்தவர்களிடம் உளவியல் அறிஞர்கள் சில சோதனைகள் நடத்தினார்கள். அட்டைப் பெட்டி மடிப்பது போன்ற எளிய ஆலை வேலைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் நாள் எல்லோரும் தடுமாறினார்கள். பல வாரங்கள் பழகிய பிறகு கைத்திறன் வியக்கும்படி உயர்ந்தது. முதல் நாள் தடுமாற்றத்தை வைத்து, இவர் எவ்வளவு முன்னேறுவார் என்று கணிக்கவே முடியாது என்பதுதான் அவர்கள் கண்ட பெரிய உண்மை. நாமோ முதல் அரை மணி நேரத்தில், "இவனுக்கு வராது" என்று எழுந்துவிடுகிறோம்.

1970-களில் அமெரிக்காவில் மார்க் கோல்டு என்ற பேராசிரியர் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். சைக்கிளின் பின்சக்கர பிரேக்கில் 15 உறுப்புகள். அவற்றை முறை மாறாமல் பூட்ட வேண்டும். நடுத்தர, கடும் குறைபாடு உடையோர் 64 பேருக்கு அதைக் கற்பித்தார். சிலருக்கு ஒவ்வோர் உறுப்பிலும், பூட்டும்போது தம்மை நோக்கி இருக்க வேண்டிய பக்கத்தில் சிவப்புச் சாயம் பூசிக் கொடுத்தார். சாயம் பூசிய உறுப்புகளோடு பழகியவர்கள் மிக விரைவில் கற்றார்கள். மற்றவர்களிலும் ஏறத்தாழ எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். வேலையைச் சிறுசிறு படிகளாகப் பிரி. ஒரு வழியில் வரவில்லையென்றால் வேறு வழியில் காட்டு. கற்காவிட்டால் குறை கற்பித்தவருடையது என்பது அவருடைய கொள்கை.

வாசகர்களே, இப்போது அந்தச் சிரட்டையை எண்ணிப் பாருங்கள். எண்ணத் தெரியாதவருக்கு எண்ணைக் கற்பிக்க முயன்று காலத்தைப் போக்காமல், எண்ணே தேவைப்படாதபடி வேலையை அமைத்துக் கொடுத்தார் எங்கள் தெருக் கடைக்காரர். மார்க் கோல்டின் சிவப்புச் சாயமும் அதுதான். கடைக்காரர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்கவில்லை. கூலி விஷயத்தில்தான் அவர் தவறிவிட்டார்.

இந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகும், உலகின் பல நாடுகளில் தனிப் பட்டறைகளே பெருகின. ஆண்டுக்கணக்கில் பயிற்சி, பயிற்சிக்கு மேல் பயிற்சி. வேலைக்குத் தயார் என்ற நாள் மட்டும் வரவில்லை. மெழுகுவர்த்தி வார்த்தல், காகித உறை ஒட்டுதல், வாழ்த்து அட்டை செய்தல் ஆகியவற்றோடு வயது ஏறிக்கொண்டே போயிற்று. கிறிஸ்துமஸ் வந்தால் ஆலய வாசலில் மேசை போட்டு விற்பதை நாமும் பார்த்திருக்கிறோம். இரண்டு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு திருப்தியோடு வீடு திரும்புகிறோம். அதைச் செய்தவர் மாதம் என்ன சம்பாதிக்கிறார் என்று நாம் கேட்டதுண்டா? மெழுகுவர்த்தி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆண்டில் ஒரு நாள் இரக்கத்தால் விற்கும் பண்டத்தை நம்பி ஒரு மனிதரின் வாழ்நாள் தொழிலை அமைக்க முடியாது என்கிறேன்.

1970-களின் இறுதியிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியா போன்ற இடங்களில் முறையைத் தலைகீழாக்கிப் பார்த்தார்கள். முதலில் பயிற்சி, பிறகு வேலை என்பதை விட்டு, முதலில் உண்மையான வேலையில் சேர்ப்பது. பயிற்றுநர் ஒருவர் அந்த வேலைத்தளத்துக்கே உடன் சென்று, பக்கத்தில் நின்று கற்பிப்பது. பழகப் பழக மெல்ல விலகிக்கொள்வது. 1986-இல் அந்நாட்டுச் சட்டமும் இம்முறையை ஏற்றது. இவர்களுக்கு ஓர் இடத்தில் கற்றதை வேறிடத்தில் பொருத்திச் செய்வது கடினம் என்பதே இதன் அடிப்படை. மண்டபத்தில் எவர்சில்வர் தட்டு கழுவப் பழகியவர், ஓட்டலில் கண்ணாடித் தம்ளரைக் கண்டால் திகைத்து நின்றுவிடலாம். ஓட்டலிலேயே பழகினால் அந்தத் திகைப்பு இல்லை. நம் நாட்டிலும், 2017-இல் ஹூப்ளியில் தொடங்கிய மிட்டி கஃபே போன்ற சிற்றுண்டிச் சாலைகளில் இத்தகையோர் வாடிக்கையாளர் முன்னிலையில் வேலை செய்கிறார்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது?

1995-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வேலையில் 3 விழுக்காடு ஒதுக்கியது. பார்வை, செவி, உடல் இயக்கம் ஆகிய மூன்று குறைகளுக்கு ஒவ்வொரு விழுக்காடு. அறிவு வளர்ச்சிக் குறைபாட்டுக்கு ஒன்றுமில்லை. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம், பெற்றோர் கவலையில் ஒரு பாதியைத் தீர்த்தது: 18 வயது கடந்தோருக்குச் சட்டப்படியான பாதுகாவலரை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு நியமிக்கலாம். 2016-ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டந்தான் ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக்கி, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் ஆகியவற்றையும் அதற்குள் சேர்த்தது. அச்சட்டம் இலவசக் கல்வியை உறுதி செய்வது 6 முதல் 18 வயது வரை. 18-ஆவது பிறந்த நாளுக்கு மறுநாள் என்ன என்பதற்குச் சட்டத்தில் பல நல்ல சொற்கள் இருக்கின்றன. நம் தெருவில் ஏற்பாடு ஏதும் இல்லை. பள்ளிக்கூட வேன் வராது. பிள்ளை சீருடை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கும். இதைச் சொல்லி அழுத தாய்மார்களை நான் அறிவேன்.

தென்காசியில் தொடங்குவதென்றால்

மீண்டும் கட்டடக் கேள்விக்கு வருகிறேன். நம் பகுதியில் வேலைத்தளங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் விடுதிகளில் விரிப்பு மாற்றவும், துண்டு மடிக்கவும், சிப்ஸ் கடைகளில் பொட்டலம் போடவும், சாப்பாட்டுக் கடைகளில் இலை எடுக்கவும் ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர் கூட்டம் இன்னொரு முறை வரும். மற்ற மாதங்களுக்குப் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தை, அரிசி ஆலைகள், நாற்றுப் பண்ணைகள் உண்டு. சிப்ஸ் பொட்டலத்தில் 100 கிராம் என்று எடைபோடத் தெரிய வேண்டியதில்லை. தராசு முகப்பில் ஒரு சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தால் போதும். பத்துப் பத்தாக அடுக்க வேண்டுமானால் பத்துக் குழியுள்ள பலகை ஒன்று தச்சரிடம் சொன்னால் செய்து தருவார்.

பீடி வேலையைச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். பல வீடுகளில் தாயும் அக்காளும் சுற்றும்போது, கட்டுப் போடுவதும் இலையை நனைப்பதும் இவர்களே. அந்த உழைப்பும் யார் பெயரிலும் இல்லாத உழைப்பு. திறமை இருக்கிறது என்பதற்கு அது சான்று. ஆனால் புகையிலைத் தூசிக்குள் இன்னும் ஒரு தலைமுறையைத் தள்ளுவதற்கு நாம் ஒரு பயிற்சி நடத்த வேண்டியதில்லை.

செலவு எங்கே என்றால், ஆளில்தான். பொறுமையும் பயிற்சியும் உள்ள ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வேண்டும். மாதச் சம்பளத்தைத் தவறாமல் கொடுக்க வேண்டும். அவர்கள் காலையில் பஸ்ஸில் உடன் ஏறி, கடையில் உடன் நின்று, மாலையில் உடன் திரும்புவார்கள். பஸ்ஸில் தனியாகப் போய்வருவதே பாதிப் பயிற்சி. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளியும் உடன் செல்லும் ஒருவரும் கட்டணமின்றிப் பயணம் செய்ய 2021-இல் தமிழக அரசு வழி செய்திருப்பதால் அந்தச் செலவும் இல்லை. பயிற்சிக்கான பாடம் என்று பார்த்தால், நேரத்துக்குக் குளித்துக் கிளம்புதல், தெரியாததைக் கேட்டல், கழிப்பறை எங்கே என்று கூச்சமின்றி விசாரித்தல், வேண்டாத தொடுதலை வேண்டாம் என்று உரத்துச் சொல்லுதல், சம்பளப் பணத்தைத் தம் பையில் தாமே வைத்துக்கொள்ளுதல் ஆகியவைதான். கடைசியாகச் சொன்னதைப் பெற்றோருக்கும் சேர்த்துக் கற்பிக்க வேண்டியிருக்கும்.

பெற்றோரின் அச்சத்தை நான் எளிதாக எண்ணவில்லை. கூட்டத்தில் தொலைந்துவிட்டால்? யாராவது அடித்துவிட்டால்? பெண் பிள்ளை என்றால் இரவெல்லாம் உறக்கம் வராது. ஆகவே முதல் ஆண்டு நான்கைந்து பேருக்கு மேல் வேண்டாம். பங்கு மக்களுக்கு நன்கு தெரிந்த கடைகளாக மட்டும் இருக்கட்டும். பங்கு என்று சொல்லும்போது கத்தோலிக்கப் பிள்ளைகள் மட்டும் என்று பொருள் கொள்ளலாகாது. தெருவில் எல்லோருக்கும் பொதுவாகத்தானே இந்தத் துயரம் வருகிறது! ஆய்க்குடிக்குச் சென்று அங்குள்ளவர்களிடம் கற்றுக்கொள்ளவும் நமக்குக் கூச்சம் வேண்டியதில்லை. கூலியை, மற்றவருக்குக் கொடுக்கும் கணக்கிலேயே, செய்த வேலைக்குத் தக்கபடி, அவர் கையிலேயே கொடுக்கச் சம்மதிக்கும் கடைக்காரரை மட்டும் சேர்க்க வேண்டும். இட்லியும் காப்பியும் கணக்கில் சேரா.

அன்பியக் கூட்டங்களில் வீடு வீடாகச் சென்று பெயர் எழுதலாம். ஒரு குயர் நோட்டுப் போதும். அதில் பெயர், வயது, அடையாள அட்டை எண் ஆகியவற்றுக்குப் பக்கத்தில், என்ன குறை என்று ஒரு கட்டம் போடுவது வழக்கம். அதற்கு முன்னால், என்ன செய்யத் தெரியும் என்று ஒரு கட்டம் போட வேண்டுகிறேன். கோழிக்குத் தீனி வைப்பார், துணி மடிப்பார், பாத்திரம் அடுக்குவார், தண்ணீர் சுமப்பார் என்று தாய்மார்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளலாம். குற்றாலத்துக் கடைக்காரர்கள் வைகாசி கடைசியிலேயே ஆள் தேடத் தொடங்கிவிடுவார்கள்.